ஹெப்சி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை

பம்மல் சங்கர் நகரில் ஒரு மாடிப் போர்ஷனில் அம்மாவோடு குடியிருக்கும் ஹெப்சிக்கு வலது கை உண்டு. ஆனால் அது அவள் பேச்சைக் கேட்காது. பிரசவத்தில் தோள் மாட்டிக்கொண்டதாம். இழுத்த இழுப்பில் நரம்பு போய்விட்டது. அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்க வராது. விரல்கள் ஒரு கைக்குட்டையைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஒரு பொத்தானை அழுத்தும் பலம்கூட அவற்றுக்குக் கிடையாது.

அவளைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று ஆரம்பித்தவர்கள் யாரும் அந்த வாக்கியத்தை முடித்ததில்லை. ஷேர் ஆட்டோவில் ஒரு பெரியவர் அப்படி ஆரம்பித்தபோது, "சார், உங்க சட்டைல பொத்தான் மாறிப் போட்டிருக்கீங்க, ரெண்டு கை இருந்துமா?" என்று கேட்டுவிட்டாள். பல்லாவரம் வரும்வரை ஆட்டோவில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கோபக்காரி என்று தெருவில் பெயர். அந்தப் பெயரை அவள் கஷ்டப்பட்டுச் சம்பாதித்திருந்தாள், யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வீட்டிலிருந்தே வேலை. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு முணுமுணுவென்று பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, பிழை திருத்தித் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். அந்த வேலை செய்பவர்களின் மேசைக்கடியில் எப்போதும் ஒரு பெடல் இருக்கும். நடுவில் மிதித்தால் பேச்சு ஓடும், இடப்பக்கம் மிதித்தால் பின்னால் போகும், வலப்பக்கம் மிதித்தால் முன்னால் தாவும். கல்லூரி முடித்ததிலிருந்து ஹெப்சி அதை மிதித்து வருகிறாள். இடது கை தட்டச்சு செய்யும், வலது கால் டாக்டரை நிறுத்தி வைக்கும். டாக்டர்களைக் காலால் அடக்கி வைப்பதில் தனக்கு ஒரு தனி சுகம் என்று அவளே சொல்வாள்.

சித்தப்பா மகன் மெர்வின் கனடாவுக்குப் போகும்போது விட்டுப்போன வீடியோ கேம் கண்ட்ரோலர்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். 'வஜ்ரா' என்று ஒரு சண்டை விளையாட்டு. இணையத்தில் எதிராளி எந்த ஊரில் உட்கார்ந்திருந்தாலும் நேருக்கு நேர் மோதலாம். கண்ட்ரோலரின் இடப்பக்கக் குச்சியால் வீரனை நகர்த்த வேண்டும், வலப்பக்கமுள்ள நான்கு பொத்தான்களால் அடிக்க வேண்டும். ஹெப்சியால் நகர முடிந்தது, அடிக்க முடியவில்லை. நன்றாக நகர்ந்து நகர்ந்து அடி வாங்கினாள். இப்படி ஒரு மாலை முழுக்க உதை வாங்கியவளுக்குக் காலடியில் கிடந்த பெடல் கண்ணில் பட்டது.

பொத்தான்களின் வேலையை மாற்றிவைக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. கண்ட்ரோலருக்கும் விளையாட்டுக்கும் நடுவே அது உட்கார்ந்துகொள்ளும். பெடலின் இடப்பக்கத்திடம் "இனிமேல் நீதான் குத்து" என்றும், நடுப்பக்கத்திடம் "நீதான் உதை" என்றும் சொல்லி வைத்தால் அவை அப்படியே நடந்துகொள்ளும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. எப்போது குத்துவது, எவனை உதைப்பது என்பதெல்லாம் மிதிப்பவள் பாடு. மூன்று பக்கத்துக்கு மூன்று அடி, நான்காவதை இடது ஆள்காட்டி விரலுக்குக் கீழே இருக்கும் பொத்தானுக்கு மாற்றிக்கொண்டாள். கட்டைவிரல் ஒரு பொத்தானிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வேகம் பாதத்துக்கு வராது. ஆகவே எதிராளி என்ன செய்யப் போகிறான் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து மிதிக்கக் கற்றுக்கொண்டாள். அதற்குள் கணுக்கால் வீங்கிப்போய் அம்மா தபீதாள் தினமும் துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றி ஒத்தடம் கொடுக்க வேண்டியிருந்தது. "இந்த வயசுல வாழ்க்கைய விட்டுட்டு விளையாட்டா?" என்று திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள், ஆனால் ஒரு நாளும் நிறுத்தவில்லை.

இணையத்தில் ஹெப்சியின் பெயர் 'பம்மல் புலி'. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தோற்றால் எவ்வளவு அசிங்கம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் மெல்ல மெல்லத் தோற்பதைக் குறைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் மேடவாக்கத்தில் ஒரு வஜ்ரா போட்டி அறிவித்தார்கள். முதலில் இணையத்தில் தகுதிச் சுற்று, ஜெயித்தவர்கள் நேரில் வந்து மோத வேண்டும். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் புலி மோதியது மகேஷோடு. கோவளம் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்துப் பையன், கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன், தென்சென்னையில் யாரும் சுலபமாக ஜெயிக்க முடியாத ஆட்டக்காரன். ஹெப்சி அவனை ஜெயித்துவிட்டாள். அவனும் "நல்லா ஆடினீங்க" என்று எழுதிவிட்டுப் போனான். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கெடுத்தது தபீதாள்தான்.

தபீதாள் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அவர்கள் போகும் சபையில் ஞாயிறு ஆராதனையின் நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் நடந்த நன்மையை எழுந்து நின்று சொல்லி நன்றி செலுத்த வேண்டும். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. நான் படித்தேன், பாஸானேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் ஒன்றுக்கும் உதவாதவள், ஒன்றுமே படிக்கவில்லை, கர்த்தர் பாஸாக்கினார் என்றுதான் சொல்வார்கள். நம்மை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு மகிமை அவருக்கு. கேட்பவர்களுக்கும் அது தெரியும், யாரும் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வதில்லை.

தபீதாள் எழுந்து மைக்கை வாங்கினாள். "என் மகளுக்கு வலது கை வராதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். கர்த்தர் அவளுக்கு ஒரு சாப்ட்வேரக் குடுத்தார். அவ ஒண்ணு தொட்டாப் போதும், மீதியெல்லாம் அதுவே பாத்துக்குது. பெரிய பெரிய ஆளுங்கள எல்லாம் ஜெயிக்குது. அவ சும்மா உக்காந்திருக்கா!"

சபை "அல்லேலூயா" என்றது. ஆராதனையை யூடியூபில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதை யார் வெட்டி எடுத்தார்களோ தெரியாது. புதன்கிழமைக்குள் அந்தத் துண்டு ஆட்டக்காரர்கள் கூடும் டிஸ்கார்ட் குழுவுக்கு வந்துவிட்டது. 'பம்மல் புலி சும்மா உட்கார்ந்திருக்கிறது' என்று மேலே தலைப்பு. ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் பத்து அடி தானாக விழும்படி கள்ளத்தனமாக எழுதி வைக்கும் ஆட்கள் இந்த விளையாட்டில் நிறைய. அதனால் 'ஓர் அழுத்தத்துக்கு ஓர் அடி' என்பது கறாரான விதி. இங்கே ஆட்டக்காரியின் அம்மாவே மைக் பிடித்து விதிமீறலை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மகேஷ் புகார் கொடுத்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் இடத்தில் ஹெப்சி இருந்திருந்தால் புகாரோடு நாலு கெட்ட வார்த்தையும் சேர்த்து அனுப்பியிருப்பாள்.

போட்டியின் தலைமை நடுவர் சாம்பசிவன் போன் செய்தார். வார நாட்களில் ஓஎம்ஆரில் கம்பெனி வேலை, வார இறுதியில் இதுமாதிரி போட்டி நடத்துவது அவர் பொழுதுபோக்கு.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மெயின் போட்டில உங்கள விட்டா பிரச்சனை வரும். அதனால உங்களுக்குன்னு தனியா ஒரு ஷோ மேட்ச் வெச்சிடலாம்னு பாக்குறோம். ஜெயிச்சாலும் தோத்தாலும் மெடல் உண்டு. ஜனங்களுக்கு ரொம்ப இன்ஸ்பிரேஷனா இருக்கும்."

"நான் திருடின்னு நெனச்சா வெளிய அனுப்புங்க சார். திருடி இல்லன்னா உள்ள விடுங்க. நடுவுல உக்கார வெச்சு மெடல் போடுறது என்ன கணக்கு?"

அவர் ஏதோ சமாதானம் சொன்னார். "நான் வர்றேன். எல்லார் முன்னாடியும் சோதிச்சுப் பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அம்மாவோடு சண்டை அடுப்படியில் நடந்தது. தபீதாள் தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "நான் ஆயர்கிட்ட சொல்லி அந்த வீடியோவ எடுக்கச் சொல்லிடுறேன்டி."

"எடுத்தா மறைச்ச மாதிரி ஆயிடும்."

"அப்ப நான் என்னதான் பண்றது? சாட்சில பொய்யா சொன்னேன்? அவர் குடுத்ததுதானே?"

"அவர் குடுத்ததுன்னே வெச்சுக்க. நான் சும்மா உக்காந்திருக்கேன்னு ஏன் சொன்ன? அதுதாம்மா பொய். என் கால் வீங்கினப்ப ஐஸ் வெச்சது யாரு?"

"நான்தான்."

"சும்மா உக்காந்திருந்தா கால் எதுக்கு வீங்குது?"

தோசை கருகிய வாசனை வந்தது. இருவரும் அந்தக் கருகல் தோசையையே தின்றார்கள்.

போட்டி நடந்த இடம் ஒரு கல்யாண மண்டபம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் மண்டபக்காரர் சந்தோஷமாக விட்டுவிட்டார். மணமக்கள் உட்காரும் சிம்மாசன நாற்காலிகளை மேடையின் ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். பந்தி நடக்கும் கூடத்தில் பையன்களும் பெண்களும் கண்ட்ரோலரும் கையுமாகப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஹெப்சி பெடலையும் கண்ட்ரோலரையும் மடிக்கணினியையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பல்லாவரத்தில் வண்டி மாறி வந்து சேர்ந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியும் தபீதாள் கூடவே வந்தாள், ஞாயிறு ஆராதனைக்குக் கட்டும் பட்டுப்புடவையோடு.

சாம்பசிவன் ஹெப்சியின் மென்பொருளைத் திறந்து பெரிய திரையில் போட்டார். அவள் எதை மிதித்தாலும் அதற்குரிய கட்டம் திரையில் ஒளிர்ந்தது. ஒரு மிதி, ஓர் அடி. இன்னொரு மிதி, இன்னோர் அடி. கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

மகேஷ் எழுந்தான். "சார், நான் பொறாமைல சொல்லல. இப்ப கரெக்டாதான் கீது. அன்னிக்கு ஆன்லைன்ல இதே செட்டிங்தான் வெச்சிகினு ஆடினாங்கன்னு எப்டி நம்புறது? அவங்க அம்மாவே சொல்லிக்கீறாங்க, அது பாட்டுக்கு ஆடுதுன்னு."

"அந்த அம்மா நான்தான்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஐந்தாம் வகுப்பை முப்பது வருஷம் அடக்கிய குரல் அது. ஹெப்சி திரும்பிப் பார்த்தாள்.

"சாட்சி சொல்லும்போது நம்மளச் சின்னதாக்கித்தான் சொல்லுவோம். அது எங்க வழக்கம்" என்றாள் தபீதாள். "நான் என்னைச் சின்னதாக்கியிருக்கணும். என் பொண்ணச் சின்னதாக்கிட்டேன். அவ சும்மா உக்காரல. மிதிச்சு மிதிச்சு அவ கால் வீங்கிக் கெடந்துச்சு, நான் ஐஸ் வெச்சேன். கர்த்தர் உதவி பண்ணாரு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா மிதிச்சது இவ. அன்னிக்குச் சொன்னதுல அத விட்டுட்டேன். தப்பு என்னோடது."

சபையில் சொன்ன சாட்சியை, ஊர் பேர் தெரியாத கூட்டத்தின் முன் அவள் திருத்திக்கொண்டாள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே ஹெப்சி ஒருத்திக்குத்தான் தெரியும். அழுதால் இவர்கள் அதற்கும் கைதட்டுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மா, போதும், உக்காரு" என்றாள். பிறகு நடுவரைப் பார்த்தாள். "சார், எங்கம்மா சொன்னாங்கன்னு என்ன வெளிய தள்ளப் பாத்தீங்க. இப்ப எங்கம்மா சொன்னாங்கன்னு உள்ள விட வேணாம். இதே மகேஷோட மறுபடியும் மேட்ச் போடுங்க. என் பின்னாடி நின்னு என் காலப் பாருங்க. தோத்தா நான் போயிடறேன்."

சாம்பசிவன் மகேஷைப் பார்த்தார். "வாங்கக்கா" என்றான் அவன். முதலில் மூன்று சுற்று ஜெயிப்பவருக்கு ஆட்டம் என்று முடிவானது.

முதல் சுற்றிலேயே ஏதோ சரியில்லை என்று ஹெப்சிக்குப் புரிந்தது. வீட்டில் பெடல் பழைய மிதியடியின் மேல் உட்கார்ந்திருக்கும். இங்கே மண்டபத்தின் தரை கிரானைட், முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. ஒவ்வொரு மிதிக்கும் பெடல் முன்னால் நழுவியது, அவள் காலால் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் மகேஷின் வீரன் இரண்டு உதை விட்டிருந்தான். முதல் சுற்று போயிற்று. இரண்டாவதில் பெடல் மேசைக்கு அந்தப் பக்கமே போய்விட்டது. அதுவும் போயிற்று. கூட்டத்தில் யாரோ, "அதான் பாத்தியா, இன்னிக்கு மெஷின் ஆடல" என்றான். ஹெப்சி திரும்பிப் பார்க்கவில்லை. சாக்குச் சொல்வதாக நினைப்பார்கள் என்று வாயைத் திறக்கவும் இல்லை. அந்த வீம்பு அவளுக்கு எப்போதும் உண்டு, பல நேரம் அதனால் நஷ்டமும் உண்டு.

வாயைத் திறந்தது மகேஷ்தான். கண்ட்ரோலரைக் கீழே வைத்தான். "சார், பெடலு வழுக்கினு போவுது. நான் பாத்துகினேதான் இருந்தேன். இது மேட்சே இல்ல. அந்தக் கார்பெட் மேல டேபிளப் போடுங்க."

வாசலிலிருந்து மேடை வரை, மாப்பிள்ளை அழைப்புக்கு விரிக்கும் சிவப்புக் கம்பளம் கிடந்தது. மேசையின் ஒரு முனையைச் சாம்பசிவன் தூக்க, மறு முனையை மகேஷே தூக்கினான். "முதல் ரெண்டு ரவுண்டும் கணக்குல வேணாம் சார்" என்றான்.

"கணக்குல இருக்கட்டும்" என்றாள் ஹெப்சி. "ஜெயிச்சது ஜெயிச்சதுதான்."

இன்னும் ஒரே ஒரு சுற்று தோற்றால் அவள் வீட்டுக்குப் போக வேண்டும், அதுவும் திருடி என்ற பெயரோடு. பெடலைக் கம்பளத்தில் அழுத்தி வைத்துச் செருப்பைக் கழற்றினாள். மூன்றாவது சுற்றில் மகேஷ் பாய்ந்து வந்தான். அவன் பாய்வான் என்று அவள் முன்பே மிதித்திருந்தாள். நான்காவதில் அவன் நிதானமாக வந்தான், இவள் அதைவிட நிதானமாகக் காத்திருந்தாள். இடது கட்டைவிரல் குச்சியைச் சுழற்றும் அதே கணத்தில் பாதம் இறங்கியது, அடுத்த கணத்தில் குதிகால் எழும்பியது. பின்னால் நின்ற சாம்பசிவன் திரையை மறந்துவிட்டு அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது சுற்றில் இருவருக்கும் உயிர் நூலிழைதான் பாக்கி. மகேஷ் ஏமாற்றுவதற்காகப் பின்வாங்கினான். அவள் ஏமாறவில்லை. மிதித்தாள்.

மண்டபம் கத்தியது. மகேஷ் எழுந்து வந்து அவள் காலடியில் குனிந்து பெடலைத் தொட்டுப் பார்த்தான். ஒரு முறை கையால் அழுத்தியும் பார்த்தான். "ஆன்லைன்லயும் நீங்கதான்க்கா அடிச்சீங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். புகார் அதோடு முடிந்தது.

ஆனால் போட்டி முடியவில்லை. கால் இறுதியில் மேடவாக்கத்துக் கல்லூரிப் பெண் ஸஹானா வந்தாள். உட்காரும்போது ஒரு வணக்கம், பிறகு இரக்கமே இல்லாமல் அடித்தாள். ஹெப்சியின் பாதம் எந்த இடத்தில் தாமதமாகும் என்று முந்தைய ஆட்டத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தாள், அந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடித்தாள். கடைசிச் சுற்றில் ஹெப்சி பதற்றத்தில் தேவையில்லாமல் குதித்தாள். அந்தரத்தில் வைத்து ஸஹானா முடித்துவிட்டாள். ஹெப்சிக்கு எரிச்சலாக இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது, அது சந்தோஷம்தான். தன்னை இவ்வளவு மரியாதையாக யாரும் அடித்ததில்லை.

மாலையில் பரிசளிப்பு. முதல் மூன்று பேருக்குக் கோப்பை கொடுத்து முடித்ததும், பரிசுகளைக் கொடுத்து உதவிய கடைக்காரர் மைக்கை வாங்கி, "இப்போது ஒரு சிறப்பு விருது! தன்னம்பிக்கை நட்சத்திரம், ஹெப்சி!" என்றார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஓரத்தில் கிடந்த சிம்மாசனத்தில் ஒன்றை அவள் உட்காருவதற்காக நடுவுக்கு இழுத்து வந்தார்கள். கோப்பை, முதல் பரிசுக் கோப்பையைவிடப் பெரியது.

ஹெப்சி மேடை ஏறினாள். உட்காரவில்லை. இடது கையை மைக்குக்காக நீட்டினாள்.

"கால் இறுதியில தோத்தவங்க நாலு பேரு சார். மத்த மூணு பேருக்கும் இது உண்டா?"

கடைக்காரர் சிரித்தார். "இல்லம்மா, இது உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல்."

"அப்ப எனக்கும் வேணாம்."

கைதட்டல் பாதியில் நின்றது. கடைக்காரர் கோப்பையை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியாமல் திரும்பினார். சாம்பசிவன் தலை குனிந்துகொண்டார், அவர் சிரித்தது போலத்தான் இருந்தது. "என் கை இப்படி இருக்கறதால நான் தோக்கல" என்றாள் ஹெப்சி. "கடைசி ரவுண்டுல குதிச்சேன், அதனால தோத்தேன். குதிச்சா தோப்போம். எல்லாரும்தான்."

மைக்கை அவரிடமே கொடுத்துவிட்டு இறங்கி நேராக ஸஹானாவிடம் போனாள். இரண்டாம் பரிசுக் கோப்பையை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு ஸஹானா கண்ட்ரோலரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஸ்க்ரீன் ஒயர இன்னும் யாரும் கழட்டல. ஒரு கேம் போடலாமா?"

ஸஹானா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "திரும்பக் குதிச்சீங்கன்னா திரும்ப அடிப்பேன் அக்கா."

"அடி, பாக்கலாம்" என்று சொல்லி, பெடலைக் காலடிக்கு இழுத்துக்கொண்டாள் ஹெப்சி.